காய் பருத்தால் மட்டும் போதாது: கலப்பு ஆர்க்கிடில் குரோமோசோம் கணக்கு

டெண்ட்ரோபியம் ஆர்க்கிடில் மகரந்தம் வைத்த இரண்டு மூன்று நாளில் பூ தொங்கிவிடும். அடுத்த பத்து நாளில் பூவின் பின்பக்கக் காம்பு பச்சையாகப் பருக்கத் தொடங்கும். குலசேகரம், மார்த்தாண்டம், பாறசாலை வட்டாரத்தில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பலரும் இதைப் பார்த்ததுமே கலப்பு பிடித்துவிட்டது என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுவிடுகிறார்கள். நான்கு மாதம் கழித்துக் காயைப் பிளந்தால் உள்ளே முழுக்கப் பதர். ஃபிளாஸ்க்கில் தூவினால் ஒன்றும் பச்சை கட்டாது. உடனே பழி உரத்தின் மேல், எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையின் மேல், விதை தூவிய லேப்காரர் மேல். அநேகமாக இவர்கள் யாரும் குற்றவாளி இல்லை. கோளாறு, இரண்டு செடிகளையும் தேர்ந்தெடுத்த அன்றே உள்ளே வந்துவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆர்க்கிடில் காய் பிடிப்பதும் விதை பிடிப்பதும் தனித்தனி வேலைகள். பூ விரியும் நேரத்தில் சூலகத்துக்குள் சூல்கள் முழுதாக உருவாகியே இருக்காது. மகரந்தத் திரள் சூல்முடியில் ஒட்டிய பிறகுதான் ஆக்ஸினும் எத்திலீனும் கிளம்பி, பூவை வாட வைத்து, காம்பைப் பருக்க வைத்து, சூல்களை வளரச் செய்கின்றன. கருவுறுதல் அதற்கும் பல வாரம் கழித்து. ஃபெலனாப்ஸிஸில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆகவே பருத்த காய்க்கு அர்த்தம், மகரந்தம் ஒட்டியது, ஹார்மோன் வேலை செய்தது என்பது மட்டுமே. செத்த மகரந்தம்கூடச் சில நேரம் காயைப் பருக்க வைத்துவிடும்.

இதிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆண் பக்கத்துக் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கி இனச்செல்லை உண்டாக்கும் செல் பகுப்பு) சிறு மொட்டிலேயே முடிந்துவிடுகிறது. பெண் பக்கத்துப் பகுப்போ மகரந்தம் வைத்த பிறகு, வளர்ந்துகொண்டிருக்கும் காய்க்குள் நடக்கிறது. மலட்டுச் செடியைக் கலப்பில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவெடுக்கும்போது இது உதவும்.

38-க்கு 38 சமம்தான், ஆனால்

வாண்டா, டெண்ட்ரோபியம், ஃபெலனாப்ஸிஸ், அராக்னிஸ், ஏரிடிஸ், ரிங்கோஸ்டைலிஸ் எல்லாவற்றிலும் பெரும்பாலான இனங்களுக்கு 38 குரோமோசோம். கேட்லியாவுக்கும் சிம்பிடியத்துக்கும் 40. பேஃபியோபெடிலத்தில் மட்டும் 26-இலிருந்து 42 வரை சிதறிக் கிடக்கிறது. 38-ஐ 38-உடன் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கும் 38. இதில் என்ன சிக்கல் என்று கேட்பார்கள். குட்டி பிறப்பதில் சிக்கல் இல்லை. அது நன்றாக வளரும், பூக்கும், சந்தையில் விலையும் போகும். அந்தக் குட்டியை வைத்து அடுத்த கலப்புச் செய்யும்போதுதான் வண்டி நிற்கிறது.

ஏனென்றால் குன்றல் பகுப்பில் தாயிடமிருந்து வந்த 19-உம் தந்தையிடமிருந்து வந்த 19-உம் ஒன்றையொன்று அடையாளம் கண்டு 19 ஜோடியாகச் சேர வேண்டும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் டி.என்.ஏ. வரிசை வெகுவாக விலகிப் போயிருந்தால் ஜோடி சேராது. ஃபெலனாப்ஸிஸ் வயலேசியாவுக்கும் 38, அமாபிலிஸுக்கும் 38. ஆனால் வயலேசியாவின் குரோமோசோம்கள் அளவில் மிகப் பெரியவை. இரண்டின் கலப்பில் பல குரோமோசோம்கள் ஜோடியில்லாமல் தனியாக நின்றுவிடுகின்றன.

தனியாக நிற்பது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி கிடையாது. ஒன்றுமே ஜோடி சேராத கலப்பை எடுத்துக்கொள்வோம். 19 வகையிலும் ஒவ்வொன்று வந்து சேர்ந்த ஒழுங்கான இனச்செல் கிடைக்க வேண்டுமானால், ஒவ்வொரு வகைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதை 19 முறை பெருக்கினால் 5,24,288-இல் ஒன்று. நடுவில் சிக்கிப் பின்தங்கி அழிந்துபோகும் குரோமோசோம்களைச் சேர்த்தால் இன்னும் மோசம். காய்க்குள் ஏன் பதர் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை இல்லை.

இதற்கு நம் வீட்டு முற்றத்திலேயே சான்று இருக்கிறது. கம்பு நட்டு ஏற்றிவிடும் உருளை இலை வாண்டாவை இந்தப் பக்கம் பல வீடுகளில் பார்க்கலாம்: மிஸ் ஜோக்கிம், டெரஸ் வகைகள். கூடையில் தொங்கும் பட்டை இலை வாண்டா வேறு. உருளை இலையும் பட்டை இலையும் கலந்தால் பாதி உருளை இலையோடு குட்டி வரும். உருளை இலை டெரஸுக்கும் பட்டை இலை இன்ஸிக்னிஸுக்கும் பிறந்த ஜோசஃபின் வான் ப்ரேரோ இதில் பெயர்பெற்றது. அழகான பூ, இனவிருத்திக்கோ கடும் மலடு. இதற்கு நேர்மாறாக, சிறிய பூ கொண்ட அஸ்கோசென்ட்ரத்தையும் பெரிய பூ கொண்ட சாண்டேரியானா வாண்டாவையும் சேர்த்த வழி தலைமுறை தலைமுறையாக விதை கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. உருவத்தைப் பார்த்தால் எதிர்பார்ப்பது வேறாக இருந்திருக்கும். பிற்பாடு தாவரவியலாளர்கள் உருளை இலைக்காரர்களைப் பேப்பிலியோனாந்தி என்று பிரித்துவிட்டார்கள். அஸ்கோசென்ட்ரத்தை 2012-இல் வாண்டாவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பெயர்மாற்றங்களைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் கவனித்தால், எது எதனுடன் விதை கட்டும் என்பதற்கு அதில் நல்ல துப்பு கிடைக்கும்.

டெண்ட்ரோபியத்திலும் இதே கதை. பூச்சந்தையில் விற்கும் சோனியா போன்றவற்றின் பின்னணியில் இருப்பவை ஃபெலனான்தி, ஸ்பாட்டுலாட்டா என்ற இரண்டு பிரிவுகள். ஒரே பிரிவுக்குள் கலந்தால் விதை நன்றாக வரும். இரண்டுக்கும் நடுவே கலந்தால் பாதி ஜோடி சேரும், பாதி சேராது. நம் மலையில் மரத்தில் தொற்றி வளரும் ஓவாட்டம், அக்வியம் போன்றவை வேறு பிரிவு. அவற்றைச் சோனியாவுடன் கலக்க ஆசைப்படுபவர்களுக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடியும். காட்டுச் செடியைப் பிடுங்கி வந்து அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அகத்தியமலைப் பகுதியின் பேஃபியோபெடிலம் ட்ரூரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் செடி. பிடுங்கிப் பிடுங்கி அது பட்ட பாடே போதும்.

மலட்டிலும் வரும் நான்கைந்து விதை

மலடு என்று சொன்ன செடியிலும் எப்போதாவது சில நாற்று வருகிறதே? வருகிறது. அந்த நாற்றுகள் 5,24,288-இல் ஒன்று என்ற அதிர்ஷ்டத்தில் வந்தவை அல்ல. குன்றல் பகுப்பின் முதல் கட்டமே தோற்றுப்போய், குரோமோசோம்கள் பிரியாமல் முழுத் தொகுதியும் ஒரே செல்லில் தங்கிவிடுவதுண்டு. அப்படிக் குறையாத இனச்செல்லில் 38-உம் இருக்கும். ஒன்றும் விடுபடாததால் அது உயிரோடு இருக்கும். மலட்டுக் கலப்பில் முளைக்கும் நாற்றுகளில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது.

இதன் விளைவை ஹவாயில் ஆர்க்கிட் ஆய்வாளர் ஹருயுகி கமெமோட்டோ குழுவினர் வாண்டாவில் எண்ணியே காட்டினார்கள். பாதி உருளை வாண்டாவைப் பட்டை இலை வாண்டாவுடன் கலந்தால் கிடைக்கும் கொஞ்ச நாற்றுகள் பெரும்பாலும் மும்மடியம், அதாவது 19 கொண்ட தொகுதி மூன்று உள்ளவை: குறையாத 38, எதிர்ப்பக்கத்தின் 19, ஆக 57. கால் உருளை வாண்டா என்று விற்கும் செடிகளின் பூ பெரிதாகவும் தடிப்பாகவும் இருப்பதற்கும், அதற்குமேல் விதை கொடுக்க மறுப்பதற்கும் காரணம் ஒன்றே.

மும்மடியம் பூ வியாபாரிக்கு வரம், கலப்புச் செய்பவருக்கு முட்டுச்சந்து. வீரியம் அதிகம், பூ பெரிது, கொத்தும் நிறைய. ஆனால் ஒவ்வொரு வகையிலும் மூன்று குரோமோசோம் இருப்பதால் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று கோணலாகப் பிரியும். இனச்செல்லுக்கு 19-உம் இல்லாமல் 38-உம் இல்லாமல் நடுவில் 28, 29 என்று வந்து சேரும். ஆர்க்கிட் இப்படிப்பட்ட அரைகுறை எண்ணிக்கையை மற்றப் பயிர்களைவிடச் சற்று அதிகமாகவே தாங்கும். நாற்றில் சில பிழைக்கும், ஆனால் மெதுவாக வளரும், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். மும்மடியத்திலும் குறையாத முட்டை வேலை செய்வதுண்டு. இருமடியச் (வழக்கமான 38) செடியின் மகரந்தம் வைத்தால் 57-உம் 19-உம் சேர்ந்து 76, அதாவது நான்மடியம். நான்மடியத்தின் மகரந்தம் வைத்தால் 57-உம் 38-உம் சேர்ந்து 95, ஐம்மடியம். முதல் வழிதான் எங்களுக்குப் பிடித்தது. கிடைப்பது இரட்டைப்படை, அடுத்த தலைமுறைக்குப் பாதை திறக்கிறது. ஐம்மடியம் பூத்துக் காட்டும். ஆனால் வளர்ச்சி மந்தம், விதையும் குறைவு.

மும்மடியத்தைத் தாயாக வைப்பதே நல்லது. அதன் மகரந்தத்தில் முக்கால்வாசி உருக்குலைந்திருக்கும். அதை ஆரோக்கியமான தாயின் மேல் வைத்தால் காயே மஞ்சளாகி உதிர்ந்துவிடக்கூடும். தாயாக நிறுத்தினால், எதிர்ப்பக்கத்து நல்ல மகரந்தம் காயைத் தாங்கிப் பிடிக்கும். உள்ளே பல்லாயிரம் சூல் இருப்பதால் சிலவாவது தேறும். மொகாரா, அராண்டா வகைகளில் இதையும் எதிர்பார்க்காதீர்கள். மொகாராவில் மூன்று, அராண்டாவில் இரண்டு இனக்குழுக்களின் குரோமோசோம் ஒரே செடியில் நிற்கிறது. அவை வெட்டுப்பூவுக்கு இருக்கட்டும்.

மலட்டை உடைக்க ஒழுங்கான வழி, தொகுதியை இரட்டிப்பது. ஏ தொகுதியும் பி தொகுதியும் சேராத கலப்பில் இரண்டையும் இரட்டித்தால் ஏஏபிபி ஆகும். ஏ-க்கு ஏ, பி-க்கு பி ஜோடி கிடைத்துவிடும், விதை நிரம்பும். அதோடு அந்த விதையில் வரும் நாற்றுகளும் தாயைப் போலவே சீராக இருக்கும். ஹவாய் பல்கலைக்கழகம் ஜாக்குலின் தாமஸ் என்ற டெண்ட்ரோபியக் கலப்பில் செய்தது இதுதான். பிகிப்பம், கோல்டியை என்ற இரண்டு இனங்களுக்குப் பிறந்த அந்தக் கலப்பின் இரட்டித்த வடிவங்களை, திசு வளர்ப்பே இல்லாமல் விதை மூலம் பூ விவசாயிகளுக்குக் கொடுக்க முடிந்தது. ஆனால் அதே ஏஏபிபியைச் சாதாரண ஏஏ செடியுடன் கலந்தால் ஏஏபி. மறுபடியும் மும்மடியம், மறுபடியும் முட்டுச்சந்து. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மூன்று நான்கு வருட உழைப்பை விடுகிறார்கள். நான்மடியத்துக்கு நான்மடியத்தையே துணையாகத் தேடுங்கள்.

கையில் இருப்பதை வைத்துச் சோதிப்பது

கலப்புக்கு முன்னால் குறைந்தது இலைத்துளையையாவது பாருங்கள். நடு வயது இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் மெல்லிசாகப் பூசி, நன்கு காய்ந்ததும் செலோ டேப் ஒட்டி உரித்துக் கண்ணாடித் தட்டில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். நான்மடியத்தில் துளையின் இரு பக்கமும் உள்ள காப்புச் செல் நீளமாக இருக்கும், ஒரே பரப்பில் துளைகளின் எண்ணிக்கை குறையும். இருமடியம் என்று உறுதியாகத் தெரிந்த, அதே இனக்குழுச் செடியை அதே நிழல்வலைக்குள் வளர்த்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் இதற்கு மதிப்பு. செடிக்கு 30 துளையாவது அளக்க வேண்டும். மும்மடியத்தை இதில் நிச்சயமாகப் பிரிக்க முடியாது.

மகரந்தச் சோதனை இதைவிட நிறையச் சொல்லும். பூவில் மகரந்தத்தின் மேலுள்ள மூடியை நீக்கி, பல்குச்சியால் மகரந்தத் திரளை எடுத்து, ஒரு சொட்டு அசிட்டோகார்மின் சாயத்தில் நன்றாக நசுக்கிப் பரப்புங்கள். நல்ல செடியில் நான்கு செல் ஒட்டிய கொத்துகள் ஒரே அளவாக, சிவப்பாக நிறைந்து தெரியும். இரண்டு செல் கொத்து நிறைய இருந்தால் குறையாத இனச்செல் உருவாகிறது என்று பொருள். மலட்டுச் செடியில் இது நல்ல செய்தி. ஐந்து ஆறு செல், பெரியதும் சிறியதுமாகக் கிடந்தால் குரோமோசோம்கள் சிதறியிருக்கின்றன. சாயமே ஏறாமல் கூடாகக் கிடந்தால் அந்த மகரந்தத்தை விட்டுவிடுங்கள். முளைக்கிறதா என்று பார்க்க லிட்டருக்கு சர்க்கரை 100 கிராம், கால்சியம் நைட்ரேட் 300 மில்லிகிராம், மக்னீசியம் சல்பேட் 200 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 100 மில்லிகிராம், போரிக் அமிலம் 100 மில்லிகிராம் கரைத்த நீர் போதும்.

எண்ணித்தான் தீர வேண்டும் என்றால் வேர்நுனி. புதிதாக நீளும் வேரின் நுனியில் 5 மி.மீ. வெட்டி, மேல் தோலைச் சுரண்டிவிட்டு, லிட்டருக்கு 0.29 கிராம் 8-ஹைட்ராக்ஸிகுயினோலின் கரைசலில் 18 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்தால் குரோமோசோம் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆல்கஹால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கில் ஒரு நாள். 60 டிகிரி ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 8 நிமிடம். இதற்கு மேல் போனால் சாயம் பிடிக்காது. அசிட்டோ ஆர்சினில் அரை மணி நேரம் வைத்து நசுக்கி, ஆயில் லென்ஸில் எண்ணுங்கள். ஒரே செல்லை எண்ணிவிட்டு முடிவு கட்டாதீர்கள்; குறைந்தது ஐந்து தெளிவான செல் வேண்டும். ஜோடி சேருவதையே பார்க்க விரும்புவோருக்கு டெண்ட்ரோபியம் வசதி: ஒரே கொத்தில் நுனியிலிருந்து அடிவரை வெவ்வேறு வயது மொட்டு இருப்பதால் பகுப்பின் எல்லாக் கட்டமும் ஒரே கொத்தில் கிடைக்கும். மகரந்தத் திரளில் மஞ்சள் ஏறிவிட்டால் பகுப்பு முடிந்துவிட்டது, இன்னும் சின்ன மொட்டுக்குப் போங்கள்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லில் டி.என்.ஏ. அளவை அளக்கும் சோதனை) செய்து தரும் ஆய்வுக்கூடம் கிடைத்தால் வேலை சுலபம். ஒரு எச்சரிக்கை: ஆர்க்கிடின் முற்றிய இலையில் செல் பிரியாமலே டி.என்.ஏ. மட்டும் இரட்டித்துக்கொள்வது சகஜம். முற்றிய இலையை அனுப்பினால் இருமடியத்தை நான்மடியம் என்று சொல்லிவிடும். வேர்நுனியோ மிக இளம் இலையோ அனுப்புங்கள்.

விதையைப் பொறுத்தவரை, ஒரு சிட்டிகையை நீரில் பரப்பி நுண்ணோக்கியில் 200 எண்ணுங்கள். ஒளி ஊடுருவும் உறைக்கு நடுவில் முட்டை வடிவக் கரு இருந்தால் மணி, வெற்று உறை என்றால் பதர். மலட்டுத் தாயில் 200-க்கு ஒன்று கிடைத்தாலும் அந்தக் காய் மதிப்புள்ளது. மாறாக, மலடு என்று உறுதியாகத் தெரிந்த செடியில் திடீரென்று காய் நிறைய மணி வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்: அட்டை மாறியிருக்கலாம், கருவண்டு வேறு மகரந்தம் கொண்டுவந்து வைத்திருக்கலாம். தாய்ப்பூவின் சொந்த மகரந்தத்தை முதலில் எடுத்துவிட்டு, கலப்புச் செய்ததும் கொசுவலைத் துணியால் மூடிவிடுவது இதற்காகத்தான்.

தூவும்போது, குறைந்த மணி உள்ள காயைப் பல ஃபிளாஸ்க்குகளில் பிரிக்காமல் ஒன்றிரண்டிலேயே போடுங்கள். ஊடகம் நட்சன் சி அல்லது அரைவலு எம்.எஸ். (முராஷிகே ஸ்கூக்); லிட்டருக்கு சர்க்கரை 20 கிராம், இளநீர் 150 மில்லி, பி.எச். 5.2 முதல் 5.6. நல்ல கலப்பு ஒன்றிரண்டு மாதத்தில் பச்சை கட்டும். மலட்டுத் தாயின் விதை தாமதமாகும், ஒவ்வொன்றாக முளைக்கும். ஆறு மாதத்துக்குள் ஃபிளாஸ்க்கைக் கழுவப் போடக்கூடாது. பிந்தி முளைத்து, தடித்த வேரும் அகலமான இலையுமாக நிற்கும் நாற்றைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரட்டிப்பதற்கு வழக்கமான மருந்து கோல்ச்சிசின். தாராபுரம், மூலனூர் பக்கம் விவசாயிகள் விதைக்காக வளர்க்கும் கண்வலிக் கிழங்கில் இருப்பதே இது. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அந்தச் செடி. ஆர்க்கிடில் இதைப் பூச்செடி மேல் தடவிப் பயனில்லை. விதை முளைத்து வரும் பச்சை உருண்டைப் பருவத்தில், 0.05 சதவீதக் கரைசல் கலந்த திரவ ஊடகத்தில் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை மெல்ல ஆட்டிக்கொண்டே வைத்து, பின் கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை கழுவி மாற்ற வேண்டும். பாதிக்கு மேல் செத்துப்போவது சாதாரணம். இது மனிதனுக்கும் கொடிய விஷம். வீட்டு அடுக்களையில் செய்யும் வேலை அல்ல, கழிவை வாய்க்காலில் ஊற்றவும் கூடாது. இதே வேலையைச் செய்யும் ஒரிஸாலின் என்ற களைக்கொல்லி தாவரச் செல்லைத்தான் குறிவைக்கும், லிட்டருக்குச் சில மில்லிகிராமே போதும்; புதிதாகத் தொடங்கும் லேப் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

தேறியவற்றில் கலவைச் செடி நிறைய வரும்: ஒரு அடுக்கு 76, இன்னொரு அடுக்கு 38. இலைத்துளை மேல்தோல் அடுக்கிலிருந்து வருகிறது, மகரந்தமும் முட்டையும் அதற்கு அடுத்த அடுக்கிலிருந்து வருகின்றன. இலைத்துளை பெரிதாகத் தெரிந்து, மகரந்தம் பழைய அளவிலேயே இருந்தால் அந்தச் செடி இனவிருத்திக்கு இருமடியம்தான். ஆகவே முதல் பூ வரும்வரை நான்மடியம் என்று பெயர் எழுதாதீர்கள். மும்மடியத்தை இரட்டித்து 114 ஆக்கும் யோசனையையும் விட்டுவிடலாம். தடித்து, குறுகி, வருடக்கணக்கில் நகராமல் நிற்கும்.

காலம் பற்றி ஒன்று. நமக்கு எடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. நடுவில் காய் பழுப்பதற்குக் கிடைப்பது மார்கழியிலிருந்து வைகாசி வரைதான். டெண்ட்ரோபியம் பச்சைக் காயாக அறுக்க ஏறக்குறைய நான்கு மாதம், வாண்டாவுக்கு ஐந்திலிருந்து ஏழு மாதம். டெண்ட்ரோபியத்தைத் தையில் வைக்கலாம். வாண்டாவை மார்கழி பிறந்ததும் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஜூன் மழையில் காய் நுனி அழுகிவிடும். மலட்டுத் தாயின் காய் வெடிக்கும்வரை காத்திருக்காமல் பச்சையாகவே அறுங்கள். வெடித்த காயிலிருந்து பறந்துபோகும் தூளில் அந்த நாலு மணி இருந்துவிட்டால் அடுத்த பூவுக்கு ஒரு வருடம் ஆகும்.